அடுப்படி அலமாரிக் கதவும் அதன் ஓரமும்

எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்தில் பலகாரம் போடுவது என்றால் கைப்பிடி மாவோடு நிறுத்துகிற வழக்கம் இல்லை. சீடை, தேன்குழல், மனகோலம் என்று டின் டின்னாகச் சுட்டு அடுக்குவார்கள். அதற்கு மறுநாள் அடுப்புக்குப் பக்கத்து அலமாரிக் கதவைக் குனிந்து பாருங்கள். நடுப்பலகை ஓரளவு சுத்தமாகவே இருக்கும். கீழ்ச் சட்டத்தின் மேல்விளிம்பில், பலகை வந்து சட்டத்துக்குள் இறங்குகிற அந்தச் சின்னப் படியில், எண்ணெய்ப் பிசுக்கும் மாவும் குழைந்து மஞ்சளாகப் படிந்திருக்கும். துணியை எப்படி மடித்துத் துடைத்தாலும் மூலை வரைக்கும் போகாது. நகத்தைக் கொடுக்க வேண்டும். நகம் போகாத இடத்துக்கு ஊக்கை எடுக்க வேண்டும்.

20 மி.மீ. கனமுள்ள சட்டத்தின் நடுவில் 6 மி.மீ. பலகையைச் செருகினால், முன்பக்கம் மிஞ்சுகிற படி 7 மி.மீ. அவ்வளவுதான் அதன் அகலம். ஆனால் ஒரு கதவு நம்மோடு ஒத்துப்போகுமா, தினம் எரிச்சலைக் கிளப்புமா என்பதை அந்த 7 மி.மீ. தீர்மானித்துவிடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கடைக்குப் போனால் முதலில் நிற அட்டையை நீட்டுகிறார்கள். அடுத்தது பளபளப்பா, மங்கலா என்ற கேள்வி. ஓரம் எப்படி வெட்ட வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. வேலை முடியும் தறுவாயில் தச்சரே தமக்கு வசதியானதை வைத்து முடித்துவிடுகிறார். நிறம் பிடிக்கவில்லை என்றால் பிறகு மாற்றிக்கொள்ளலாம். வெட்டிய ஓரத்தை மாற்ற வேண்டுமானால் கதவையே மாற்ற வேண்டும்.

பூர்வீக வீட்டில் எங்கள் பங்குக்கு வந்த பின்கட்டு அடுப்படியைச் சீர் செய்ய வேண்டியிருந்தது. பழைய சுவர் அலமாரிகள் சில அப்படியே இருக்க, மேடைக்குக் கீழேயும் மளிகைச் சுவரிலும் புதிதாகக் கதவுகள் போட வேண்டும். அந்த வேலைக்காகப் பார்த்தது, கேட்டது, தச்சரோடு விவாதித்தது எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். வீடு கட்டுகிறவர்களுக்கும், பழைய வீட்டைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிற என் பங்காளி வீட்டுக்காரர்களுக்கும் பயன்படட்டும்.

கதவு வகைகளை வேகமாகச் சொல்லிவிடலாம். ஒரே பலகையாக, சட்டமே இல்லாமல் இருப்பது தட்டைக் கதவு. நான்கு சட்டமும் நடுவில் பள்ளமாக இறங்கிய தட்டைப் பலகையும் கொண்டது இரண்டாவது வகை. இன்று எல்லாக் கடைகளிலும் ஷேக்கர் என்ற பெயரில் விற்பது இதுதான். இங்கிலாந்திலிருந்து 1774-இல் அமெரிக்காவுக்குப் போன ஒரு கிறித்தவச் சமயக் குழுவின் பெயர் அது. வேலைக்கு உதவாத அலங்காரம் எதுவும் வேண்டாம் என்று வாழ்ந்தவர்கள். அவர்களுடைய மரச்சாமான்களும் அப்படியே இருந்தன. மூன்றாவது வகையில் நடுப்பலகை மேடுபட்டு, நான்கு பக்கமும் சரிந்து சட்டத்துக்குள் போகும். நம் ஊர்ப் பழைய வீடுகளில் நிறையப் பார்க்கிற கதவு இந்த மூன்றாவது வகை. கண்ணாடி பதித்தது, சாய்வுச் சக்கைகள் வைத்தது என்று வேறு சிலவும் உண்டு. எண்ணெய் புழங்குகிற அடுப்படியில் சாய்வுச் சக்கைக் கதவைப் போடச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் காது கொடுக்காதீர்கள்.

மூன்றாவது வகை ஏன் அப்படி வந்தது என்பதைப் புரிந்துகொள்ள, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு ஒரு நடை போய் வருவது நல்லது. பிரித்த வீடுகளின் நிலைகளும் கதவுகளும் ஜன்னல்களும் சுவரோரம் சாய்ந்து கிடக்கிற தெரு. கஜலட்சுமி செதுக்கிய நிலைகளை விட்டுவிடுங்கள். செதுக்கல் எதுவும் இல்லாத ஓர் உள்ளறைக் கதவை வெளிச்சத்துக்கு இழுத்து வைத்துப் பாருங்கள். நான் பார்த்த கதவு பர்மாத் தேக்கு. எங்கள் ஊர்க்காரர்கள் பர்மாவில் வட்டிக்கடை வைத்திருந்த காலத்தில், 1942-இல் ஜப்பானியப் படை அங்கே புகுந்து எல்லாம் கலைவதற்கு முன்பு, கப்பலில் வந்த மரம். கீழ்ச் சட்டம் மேல் சட்டத்தைவிட அகலம். சட்டங்கள் கழுந்தும் துளையுமாக இறுகி, மேலே மர ஆணி அடித்திருந்தது. உள்ளோரத்தில் ஒரு மெல்லிய உருட்டு நான்கு பக்கமும் ஓடி, மூலைக்கு மூலை சரியாக 45 டிகிரியில் வந்து கூடியது. ரவுட்டர் என்கிற, ஓரமும் பள்ளமும் வெட்டும் மின்கருவி இல்லாத காலத்தில் இழைப்புளியால் தள்ளிய உருட்டு. இன்றைக்கும் மூலையில் மயிரிழை இடைவெளி இல்லை.

அதைவிட முக்கியமான ஒன்றைக் கடைக்காரர்தான் விரலை வைத்துக் காட்டினார். பலகையின் சரிவு சட்டத்தைத் தொடுகிற இடத்தில், நீளவாக்கில் மட்டும், நூல் போல வெளுத்த ஒரு கோடு. கறுத்துப்போன பழைய பாலிஷ் அந்தக் கோட்டுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. பாலிஷ் போட்ட நாளில் காடிக்குள், அதாவது பலகை செருக சட்டத்தில் வெட்டிய பள்ளத்துக்குள், மறைந்திருந்த மரம், கோடையில் பலகை சுருங்கியதால் வெளியே வந்து எட்டிப்பார்க்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றின் ஈரத்தைக் குடித்துப் பலகை மறுபடி அகலும்போது கோடு உள்ளே போய்விடும். மரம் நீளவாக்கில் ஏறத்தாழ அசைவதே இல்லை. அகலவாக்கில் ஒவ்வொரு பருவத்திலும் அசைந்துகொண்டே இருக்கிறது. அதனால்தான் பழைய தச்சர்கள் பலகைக்குப் பசை போடாமல், காடியில் சும்மா உட்கார வைத்தார்கள். உள்ளே நகர இடம் இருந்தது. பலகையின் விளிம்பு காடியில் நுழைய மெலிய வேண்டும், நடுப்பகுதி உறுதிக்காகக் கனமாக இருக்க வேண்டும். இரண்டையும் இணைக்க வந்ததுதான் அந்தச் சரிவு. அழகு பிறகு வந்து சேர்ந்துகொண்டது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு, மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையின் முகத்தில் ரவுட்டரால் பள்ளம் குடைந்து, அதன் மேல் பி.வி.சி. தாளை வெப்பத்தில் உறிஞ்சி ஒட்டி, மேடுபட்ட பலகைக் கதவு மாதிரி காட்டுகிற வேலையை என்னால் ஏற்க முடியவில்லை. சட்டம் இல்லை, காடி இல்லை, அசைகிற மரமும் இல்லை. ஆனாலும் பள்ளம் மட்டும் இருக்கிறது. அந்தப் பள்ளத்தில் பிசுக்கு சேரும். அடுப்பின் சூடு தொடர்ந்து படுகிற இடத்தில் தாள் முதலில் கழன்று எழுவதும் ஓரத்திலிருந்துதான். எம்.டி.எஃப். மீது எனக்கு விரோதம் இல்லை. பெயிண்ட் அடிக்கிற தட்டைக் கதவுக்கு அது நல்ல பொருள். ஈரப்பதத்தில் திடமரம்போல அசைவதில்லை. வெட்டிய ஓரம் பெயிண்டைப் பஞ்சு மாதிரி உறிஞ்சும் என்பதால், அந்த இடத்துக்குத் தனியாக ஓரிரு முறை பிரைமர் கொடுத்துத் தேய்க்கச் சொல்ல வேண்டும். பாத்திரம் கழுவுகிற தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே மட்டும் வேண்டாம்.

ஓரம் என்று பொதுவாகச் சொன்னாலும், சட்டக் கதவில் அது மூன்று இடம். கதவின் நான்கு பக்கமும் சுற்றி வருவது வெளியோரம். சட்டம் பலகையைச் சந்திக்கிற இடம் உள்ளோரம். பலகை மேடுபட்டதாக இருந்தால் அதன் சரிவு மூன்றாவது. தட்டைக் கதவுக்கு வெளியோரம் மட்டுமே உண்டு. தச்சரிடம் ‘ஓரம் ரவுண்டாக வேண்டும்’ என்று மொத்தமாகச் சொல்லிவிட்டு வந்தால், அவர் ஒன்றை நினைப்பார், நாம் ஒன்றை நினைப்போம். எந்த ஓரம், எவ்வளவு மி.மீ. என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உள்ளோரத்தில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் வேதனை அங்கேதான். ஷேக்கர் கதவின் உள்ளோரம் நேர்வெட்டு. பார்வைக்கு மிகத் தெளிவான கோடு, எனக்கும் பிடித்த கோடு. படுக்கை அறை அலமாரிக்கு அதையே போடலாம், தூசிதான் சேரும், துடைத்துக்கொள்ளலாம். அடுப்படிக்கு வரும்போது கீழ்ச் சட்டத்தின் அந்த 7 மி.மீ. படி எண்ணெயைத் தாங்குகிற தட்டாகிவிடுகிறது. அந்த விளிம்பைச் சாய்வாக வெட்டிவிட்டால் துணி மேலிருந்து வழுக்கி வெளியே வந்துவிடும். கீழ்ச் சட்டத்துக்கு மட்டும் சாய்வு வைக்கலாமா என்று கேட்டேன். எங்கள் வீட்டுக்கு வரும் மூத்த தச்சர் உடனே தலையை அசைத்தார். “ஆச்சி, நான்கு சட்டத்துக்கும் ஒரே வெட்டு இருந்தால்தான் மூலை கூடும். ஒன்றுக்கு மட்டும் வைத்தால் மூலையில் பொத்தல் விழும்” என்றார். ரவுட்டரில் மாட்டும் வெட்டுமுனைக்கு பிட் என்று பெயர். இதற்கென்று ஜோடி பிட் உண்டு: ஒன்று சட்டத்தின் உள்ளோரத்தை வெட்டும்; மற்றது குறுக்குச் சட்டத்தின் முனையை அதற்கு நேர் எதிர் வடிவில் வெட்டும். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று கச்சிதமாக உட்காரும். ஆகவே நான்கு பக்கமும் சாய்வு என்று முடிவானது. மேல் சட்டத்தின் சாய்வுக்கு எந்த வேலையும் இல்லை, வரிசைக்காக இருக்கிறது.

சாய்வா, உருட்டா, வளைவா என்பதில் வேண்டுமானால் ரசனைக்கு இடம் உண்டு. ரவுட்டர் பிட் விற்கிற கடையில் தொங்கவிட்டிருக்கும் வடிவப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இவை எல்லாம் நாம் சிறுவயது முதல் சுற்றி வருகிற வடிவங்கள் என்று தோன்றியது. எங்கள் நகரத்தார் சமூகத்தின் கோயில்கள் ஒன்பது. எதற்குப் போனாலும் பிரகாரத்தைச் சுற்றும்போது கர்ப்பக்கிருகத்தின் அடிப்பாகத்தை, அதிட்டானத்தைப் பார்த்துக்கொண்டே நடங்கள். தமிழ்நாட்டுக் கோயில் அதிட்டானங்களில் குமுதம் என்ற உறுப்பு இருவகையாக வரும். உருண்டையாக இருந்தால் வட்டக் குமுதம். பட்டை தீட்டினால் முப்பட்டைக் குமுதம். தாமரை இதழ் போல உள்வளைந்து வெளிவளைந்து இறங்குகிற பத்ம வரியும் உண்டு. பிட் கடையில் ஓகி என்று கேட்டு வாங்குகிற இரட்டை வளைவு கிட்டத்தட்ட அதே கோடுதான். கல்லில் இவை வெளிச்சத்தை எப்படி ஏந்துகின்றன என்று கவனித்தால் மரத்துக்கும் விடை கிடைக்கும். வட்டத்தின் மீது வெளிச்சம் படிப்படியாக மங்கிக் கீழே போகிறது. பட்டையின் மீது வெளிச்சம் ஒரு விளிம்பில் சட்டென்று வெட்டுப்பட்டு நிற்கிறது. பத்மத்தில் ஒரு கீற்று வெளிச்சம், ஒரு கீற்று நிழல், மறுபடி வெளிச்சம்.

அந்த நிழல் விழ வேண்டுமானால் வெளிச்சம் மேலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வர வேண்டும். திறந்த முற்றத்திலிருந்து வெளிச்சம் இறங்குகிற எங்கள் கட்டுகளில் மெல்லிய உருட்டும்கூடத் தெரியும். அடுக்குமாடி வீட்டின் சமையலறையில், கூரை முழுக்கப் பரவிய எல்.இ.டி. வெளிச்சத்தில் நான்கு பக்கமும் நிழல் கரைந்துவிடுகிறது. அங்கே நுட்பமான வளைவுக்குக் கூலி கொடுப்பது வீண். கடை விளக்கில் பார்த்து ஓரத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மாதிரியை வீட்டுக்குக் கொண்டுவந்து, கதவு வரப்போகிற இடத்தில், அது நிற்கப்போகிற உயரத்தில் வைத்துக் காலையிலும் மாலையிலும் பாருங்கள்.

வெளியோரத்துக்கு என் யோசனை சுருக்கமானது: 2 முதல் 3 மி.மீ. உருட்டு, அதற்கு மேல் வேண்டாம். கூர்மையாக விட்டால் பெயிண்டும் பாலிஷும் விளிம்பில் நிற்பதில்லை. எந்தப் பூச்சும் கூரான விளிம்பிலிருந்து விலகி மெலிந்துதான் காயும்; முதலில் தேய்ந்து மரம் வெளியே தெரிவதும் அங்கேதான். சேலை முந்தானை மாட்டும், குனிந்து நிமிர்கிற பிள்ளையின் நெற்றியில் படும். மறுபுறம், வெளியோரத்தில் பெரிய இரட்டை வளைவு வைத்தால் வேறு சங்கடம். பக்கத்துப் பக்கத்துக் கதவுகளின் வளைவுகள் இரண்டும் சேர்ந்து நடுவில் ஒரு பள்ளத்தாக்கு உண்டாகிறது. கதவுகளுக்கு நடுவே விட்டது 3 மி.மீ. இடைவெளிதான் என்றாலும் தூரத்திலிருந்து பார்க்க அகலமான இடுக்காகத் தெரியும். அதிலும் எண்ணெய்தான் போய் உட்காரும்.

பிளைவுட் மீது மைக்கா ஒட்டிய தட்டைக் கதவென்றால் இந்த வளைவுப் பேச்செல்லாம் கிடையாது. வளைவாக வெட்டினால் பிளைவுட்டின் அடுக்குகள் வெளியே தெரியும். ஓரத்துக்குத் தேக்கு ரீப்பர் ஒட்டி அதை உருட்டலாம், அல்லது ஓரத்தை மூடுகிற பிளாஸ்டிக் பட்டையான எட்ஜ் பேண்ட் ஒட்டலாம். பேண்டில் 0.8 மி.மீ., 2 மி.மீ. என்று இரண்டு கனம் பரவலாகக் கிடைக்கிறது. 2 மி.மீ. பேண்டின் முனையைச் சற்று உருட்ட முடியும். பாத்திரம் இடித்தாலும் தாங்கும். கையால் பசை தடவி ஒட்டுவதைவிட மெஷினில் சூடான பசையோடு அழுத்தி ஒட்டியது நிற்கும். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழ்வரும் கதவின் அடியோரத்தைக் கட்டாயம் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத இடம் என்று அதை ஒட்டாமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் வாங்கிவிட்டு அடியோரத்தைத் திறந்து விட்டால், கொடுத்த காசுக்கு அர்த்தம் இல்லை.

சட்டத்தின் அகலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அது ஓரத்தோடும் கீலோடும் பிணைந்தது. வெளியே தெரியாமல் உள்பக்கம் பொருத்துகிற ஆட்டோ கீலுக்குக் கதவின் பின்பக்கம் 35 மி.மீ. விட்டத்தில் குழி எடுப்பார்கள். கதவின் விளிம்பிலிருந்து 5 மி.மீ. தள்ளி. இரண்டும் சேர்ந்தால் 40. சட்டத்தின் உள்பக்கத்தில் பலகைக்கான காடி 10 மி.மீ. ஆழம் போகும். ஆக 50 மி.மீ. சட்டம் வைத்தால் கீலின் குழியும் காடியும் ஒன்றையொன்று தொட்டுவிடும். திருகு பிடிக்க மரம் இருக்காது. 60 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். அந்த 60-ஐக் குறுகலான இழுப்பறை முகப்புக்கும் அப்படியே வைத்தால், மேலும் கீழும் சட்டமே இடத்தைத் தின்றுவிட்டு நடுவில் பலகை ஒரு கோடாகிவிடும். இழுப்பறைகளுக்கு நாங்கள் சட்டம் இல்லாமல் தட்டையாகவே வைத்தோம். வெளியோரம் மட்டும் மற்றக் கதவுகளைப் போலவே. பார்ப்பவர்களுக்கு எல்லாம் ஒரே குடும்பமாகத் தெரிகிறது.

சட்டத்தின் முகத்தோடு முகமாக, உள்ளடங்கி உட்காருகிற கதவின் மீது எனக்கு நெடுநாள் ஆசை உண்டு. பழைய சுவர் அலமாரிகள் அப்படித்தான் இருக்கின்றன. ஆனால் சுற்றிலும் 2 மி.மீ. இடைவெளியில் திடமரக் கதவை நிறுத்தினால், அடைமழைக் காலத்தில் நெடுஞ்சட்டங்கள் கொஞ்சம் அகன்றாலே கதவு பிடிக்கும். அந்தக் காலத்துக் கதவுகளில் இதற்கும் வழி வைத்திருந்தார்கள். இரு கதவு சேரும் இடத்தில் படிவெட்டு வைத்து ஒன்றன் மேல் ஒன்று ஏறி நிற்கும். அடியில் தாராளமான இடைவெளி இருக்கும். நாங்கள் மேடைக்குக் கீழே பெட்டியின் மேல் முழுக்க ஏறி மூடுகிற கதவையே வைத்தோம்.

கைப்பிடியை அப்பத்தாவைக் கேட்டு முடிவு செய்தேன். விரல் மூட்டுகள் வீங்கியிருக்கின்றன. குமிழைக் கிள்ளிப் பிடித்து இழுக்க அவர்களால் ஆகாது. கைப்பிடியே வேண்டாம், கதவின் மேலோரத்தில் விரல் நுழையக் குடைந்துவிடலாம் என்று ஒரு கடையில் சொன்னார்கள். குடைந்த பள்ளத்துக்குள் மாவுக் கையோடு விரலை விட்டால் என்ன ஆகும் என்று அப்பத்தா உடனே கேட்டார்கள். நான்கு விரலும் உள்ளே போகிற நீளக் கைப்பிடியை மாதிரிக் கதவில் பொருத்தி, அவர்களையே இழுத்துப் பார்க்கச் சொன்னோம்.

முடிவில் வந்தது இது. அடுப்பின் இரு பக்கமும் தொட்டிக்குக் கீழேயும் தட்டைக் கதவு, மரைன் பிளைவுட்டில் மைக்கா, 2 மி.மீ. பேண்ட். அடுப்பிலிருந்து தள்ளி நிற்கும் மளிகைச் சுவரில் தேக்குச் சட்டக் கதவு, பள்ளத்தில் தட்டைப் பலகை, உள்ளோரம் சாய்வு. மேடுபட்ட பலகை வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது உண்மை. சுவரில் ஏற்கெனவே இருக்கிற பழைய கதவுகளில் அது இருக்கிறது, புதியவை அவற்றோடு போட்டி போட வேண்டாம் என்று விட்டுவிட்டேன். சட்டத்துக்கு முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கிய வெறும் ஜன்னல் கதவுகளையே பிரித்து இழைத்தோம். செதுக்கிய நிலையை வாங்கி அறுக்க எனக்கு மனம் வராது. செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோ தன் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் 2014-இல் சேர்த்த பிறகும் வீடுகள் பிரிபட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. வாங்க ஆள் இருப்பதும் அதற்கு ஒரு காரணம் என்பதை மறந்துவிடக் கூடாது.

புதுத் தேக்கு வாங்குகிறவர்கள், உள்ளோரம் வெட்டுகிற பக்கத்தில் வெள்ளை, அதாவது மரத்தின் வெளிர்ந்த வெளிப்பகுதி, வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். வைரம் பாய்ந்த பகுதிக்கு உள்ள எதிர்ப்பு வெள்ளைக்குக் கிடையாது. புழு அங்கேதான் முதலில் இறங்கும். முழுக் கதவுகளும் ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரே ஒரு மூலையை, ஒரு முழம் சட்டத்தையும் துண்டுப் பலகையையும் வைத்துச் செய்து தரச் சொல்லுங்கள். பாதிக்குப் பாலிஷ் போடட்டும். அதை அடுப்புக்குப் பக்கத்தில் சில வாரம் வைத்து, வழக்கமாகத் துடைக்கிற துணியால் துடைத்துப் பாருங்கள். படத்தில் தெரியாதது எல்லாம் அந்தத் துண்டில் தெரிந்துவிடும்.

இன்னும் ஒன்று. ரவுட்டரிலிருந்து பிட்டைக் கழற்றுவதற்கு முன்பே, அதே வெட்டில் கூடுதலாகச் சில அடி சட்டம் ஓட்டி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு ஒரு கதவு உடைந்தாலோ, ஓர் அலமாரி கூடினாலோ, வேறு பிட்டில் வேறு உயரத்தில் வெட்டிய ஓரம் பழையதோடு சேராது. எங்களுடையதைத் துணி சுற்றி, பெயர் எழுதி, மளிகை அலமாரியின் மேல்தட்டிலேயே வைத்திருக்கிறேன்.